காது சரிபார்க்கப்பட்டது

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடப்போன நேரத்தில் போன் அடித்தது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் புரோகிராமர் பெண், நிவேதா.

"மேடம், நெசவாளர் அட்டை போடற அப்ளிகேஷன்ல போட்டோ ஏத்தற பக்கம் இருக்கில்ல, அதுல ஒரு டிக் பாக்ஸ் வருது. 'காது சரிபார்க்கப்பட்டது'ன்னு. அத டிக் பண்ணாம சேவே ஆக மாட்டேங்குது. யாராச்சும் விளையாட்டுக்கு வச்சதா மேடம்? எடுத்துடலாமா?"

"எடுக்காதம்மா" என்றேன்.

"ஏன் மேடம்? காதுல என்ன இருக்கு?"

போனில் சொல்கிற கதையில்லை, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். அதன்பின் தூக்கம் வரவில்லை. அந்தப் பெட்டியை அங்கே வைத்தது நான்தான். வைக்கும்படி ஆனதும் என்னால்தான்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். பெரிதாக ஒன்றுமில்லை. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இரண்டு மொழியிலும் ஹையர் முடித்தேன். நெசவாளர் நலத்துக்கென்று இருந்த ஒரு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். சில வருடம் கழித்து கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஏ.சி. அறை, எங்களுக்கு மின்விசிறி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மலைக்குப் போகிறவர்கள்கூட அவ்வளவு பயபக்தியோடு போயிருக்க மாட்டார்கள். எல்லாரும் அதைத் தொடப் பயந்தார்கள். "டைப் அடிக்கிற விஜயா இருக்கால்ல, அவளே பாக்கட்டும்" என்றார்கள். அரக்கோணத்தில் ஆறு மாதம் ஒரு கோர்ஸ், அப்புறம் புத்தகம், அப்புறம் திட்டு. இப்படித்தான் நான் புரோகிராமர் ஆனேன். பதவியின் பெயர் மட்டும் கடைசிவரை தட்டச்சர்தான்.

அட்டைக்கான விண்ணப்பம் அந்தக் காலத்தில் காகிதம். அதன் மூலையில் போட்டோவைக் கோந்து போட்டு ஒட்டுவோம். கோந்துக்கு ஆசைப்பட்டுக் கரப்பான் வரும், முகத்தையும் சேர்த்துத் தின்னும். பாதி மூக்கோடும் ஒரு கண்ணோடும் எத்தனையோ பேர் எங்கள் பீரோவில் இருந்தார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு எல்லாம் ஆன்லைன் என்றார்கள். அப்போதுதான் திட்ட அதிகாரியாக சபாபதி சார் வந்து சேர்ந்தார்.

சபாபதி சாரைப் பற்றி நிறைய எழுதலாம். எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, எதுவும் எழுதாது. மேஜை மேல் கண்ணாடி, அதன் மேல் மோதிர விரலால் டக் டக் என்று தட்டிக்கொண்டே பேசுவார். 'நான்' என்று சொல்லவே மாட்டார். நல்லது நடந்தால் 'நாம பண்ணோம்', கெட்டது நடந்தால் 'நீங்க பண்ணீங்க'. அவருடைய அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. பார்க்க வருகிறவர்கள் குறைந்தது ஒரு மணி நேரம் அதில் உட்கார வேண்டும். உள்ளே அவர் பேனாக்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருப்பார். உடனே கூப்பிட்டுவிட்டால் மதிப்பு இருக்காது என்பது அவர் கொள்கை.

இப்படி ஊரையே பெஞ்சில் உட்கார வைத்தவருக்கு, ஸ்க்ரீனில் ஒரு சக்கரம் சுற்றினால் மட்டும் தாங்காது.

நான் எழுதிய முதல் பக்கத்தில் அந்தச் சக்கரம் இருந்தது. ஆபரேட்டர் பெயர், ஊர், தறி விவரம் அடிப்பார், கேமராவில் போட்டோ எடுப்பார், பட்டனை அழுத்துவார். படம் சர்வருக்குப் போய்ச் சேரும்வரை பக்கம் அப்படியே நிற்கும், சக்கரம் சுற்றும். சேர்ந்ததும்தான் அடுத்த ஆள். எங்கள் ஊர் லைனுக்கு அது ஒரு நிமிஷமும் ஆகும், மூன்று நிமிஷமும் ஆகும். படத்தைச் சின்னதாக்கி அனுப்பலாம் என்றேன். "கேமரா நாம வாங்கனது. படம் தெளிவா இருக்கணும்" என்று மறுத்துவிட்டார்.

"விஜயா, இது இன்னா இது சுத்திகினே இருக்கு?"

"படம் போவுது சார்."

"போவட்டும். நாம ஏன் அதப் பாத்துகினு நிக்கணும்? அது பின்னால போவட்டும், நாம முன்னால வேலையப் பாப்போம். பட்டன அமுக்கனதும் பச்ச டிக் வரணும்."

சும்மா சொல்லக்கூடாது, அதில் நியாயம் இருந்தது. படத்தைப் பின்னணியில் அனுப்பிவிட்டு ஆபரேட்டரை அடுத்த வேலைக்கு விடுவது நல்ல முறைதான். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். பட்டனைத் தொட்டால் பச்சை டிக். படம் அதன் பாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். அலுவலகத்தில் போட்டுக் காட்டினேன். எங்கள் லைன் அன்றைக்கு நல்ல புத்தியோடு இருந்தது, எல்லாம் சரியாக வந்தது. சபாபதி சார் கண்ணாடியில் தட்டுவதை நிறுத்திவிட்டு, "நாம சாதிச்சிட்டோம்" என்றார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. பொய் சொல்வானேன்.

நான் செய்த தப்பு என்னவென்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இஸ்திரிக் கடையில் துணி வாங்கும்போதே அதில் ஒரு அடையாளம் போட்டுக்கொள்வார்கள். நான் போடவில்லை. துணி தேய்த்துத் திரும்பி வரும் நேரத்தில் வாசலில் யார் நிற்கிறாரோ, அவர் கையில் கொடுத்துவிடு என்று எழுதிவிட்டேன். அதாவது, படம் போய்ச் சேர்ந்ததும், அந்த நொடியில் ஸ்க்ரீனில் எந்த விண்ணப்பம் திறந்திருக்கிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும். லைன் வேகமாக இருந்தால் வாசலில் நிற்பது துணிக்குச் சொந்தக்காரரேதான். மெதுவாக இருந்தால் அவர் போயிருப்பார், அடுத்தவர் நிற்பார்.

லைன் மெதுவாக இருக்கிற நாளாகப் பார்த்து சபாபதி சார் முகாம் வைத்தார். ஆடிக் கிருத்திகைக்கு அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று நெசவு ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மலைக்கு வருவார்கள். வருகிறவர்களை அடிவாரத்திலேயே பிடித்து அட்டைக்குப் பதிந்துவிடலாம் என்பது யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் அந்த நாட்களில் ஊரில் இருக்கிற ஒவ்வொரு கையிலும் போன். காவடியைப் படம் பிடித்து அங்கேயே ஊருக்கு அனுப்புகிறார்கள். லைன் மூச்சுத் திணறியது. அது எங்களுக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் சக்கரத்தைத்தான் எடுத்துவிட்டோமே. பச்சை டிக் மட்டும் டாண் டாணென்று வந்துகொண்டிருந்தது.

அரக்கோணத்திலிருந்து ரயிலில் வரும் தில்ஷாத் எங்கள் சிறந்த ஆபரேட்டர். விரல் பறக்கும். "அக்கா, இந்த வாட்டி செம ஸ்பீடு" என்றாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன். ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை என்று தனித்தனியாக விட்டிருந்தோம். ஒவ்வொரு வரிசையிலும், முன்னால் நின்றவர் முகம் பின்னால் நின்றவர் பெயரில் போய் உட்கார்ந்துகொண்டே இருந்தது. வரிசை பிரித்திருந்ததால் ஆணுக்கு ஆண் முகம், பெண்ணுக்குப் பெண் முகம். அந்த ஒழுக்கத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஒரு மாதத்தில் அட்டைகள் வீட்டுக்குப் போயின. புகார் வந்திருக்க வேண்டும் அல்லவா? வந்தது. ஆனால் இது திருத்தணி. பதிந்துவிட்டு மேலே போனவர்களில் பாதிப் பேர் முடி இறக்கிவிட்டார்கள். இன்னும் பல பேர் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இறங்கி வந்துதான் பதிந்தார்கள். முகம் வேறு மாதிரி இருக்கிறது என்று யார் வந்து சொன்னாலும் சபாபதி சார் ஒரே பதில் வைத்திருந்தார்.

"மொட்ட போட்டீங்களா?"

"ஆங், போட்டேங்க."

"அதான். மொட்ட போட்டா முகம் மாறும். போங்க."

போடாதவரிடம், "அப்ப போட்டோ எடுக்கும்போது மொட்டையா இருந்திருப்பீங்க" என்பார். எந்தப் பக்கம் போனாலும் மொட்டை. ஜனங்களும், மெத்தப் படித்தவர் சொல்கிறாரே என்று திரும்பிப் போய்விட்டார்கள். அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்களுக்கு அதில் யார் முகம் இருந்தால் என்ன?

முனிரத்தினத்துக்கு அப்படி இல்லை. அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். மனைவி கஸ்தூரிக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். அட்டை இருந்தால் ஆபரேஷன் இலவசம், குடும்பத் தலைவர் அட்டையோடு நேரில் வர வேண்டும். தேதி குறித்துக் கொடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி கவுண்டரில் அட்டையையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாளே எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தலையில் அரிசி அளவு முடி. ஒன்றரை மணி நேரம் கழித்து சபாபதி சார் கூப்பிட்டார். குறிப்பெடுக்க நானும் உள்ளே இருந்தேன்.

"சார், இது நான் இல்லீங்க."

"மொட்ட போட்டீங்களா?"

"போட்டேங்க. அவளுக்கு நல்லாவணும்னு வேண்டிகினு போட்டேன். ஆனா சார், மூஞ்சே..."

"அதான் சொல்றமே. முடி வளரட்டும், வாங்க."

"ஆபரேஷன் இருக்குதுங்களே."

"தேதிய மாத்திக் குடுப்பாங்க. விஜயா, ஒரு மெமோ போட்டுக் குடுங்க."

நான் போட்டேன். 'மனுதாரர் தலைமுடி போதிய அளவு வளர்ந்தபின் இவ்வலுவலகத்தில் நேரில் ஆஜராகும்படி தெரிவிக்கப்படுகிறது.' என் விரலால் அடித்தேன், பிழையில்லாமல். அடித்துவிட்டு வெளியே வந்து தில்ஷாத்திடம் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு அறை அறைய வேண்டும்போல் இருக்கிறது.

அவர் முடி வளர்த்தார். வேறென்ன செய்வார்? எழுத்தில் கொடுத்துவிட்டோமே. இரண்டரை மாதம் கழித்து, மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், திரும்பி வந்தார். இந்த முறை கஸ்தூரியும் கூட வந்திருந்தார். படி ஏற முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு கொஞ்சம் நீலம் பூத்திருந்தது. முனிரத்தினம் எண்ணெய் வைத்து, இடது பக்கம் வகிடு எடுத்து, மீசையை ஓரத்தில் கத்தரித்து வந்திருந்தார். என் மேஜையில் அட்டையை வைத்தார்.

"மேடம், பாருங்க. கார்டுல இருக்கற மாதிரியே வகுடு எடுத்துகினு வந்தேன். சலூன்காரனாண்ட கார்டையே காட்டி வெட்டச் சொன்னேன். இப்ப ஆச்சும் சரியா இருக்குதுங்களா?"

அவ்வளவு வருட சர்வீஸில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தன் முகம் தன் முகம்தானா என்று என்னிடம் கேட்டார்.

சபாபதி சார் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "இப்ப பரவால்ல. ஜாடை வருது" என்றார்.

நான் முதல் தடவையாக அந்த அட்டையை ஒழுங்காகப் பார்த்தேன். முடியை விட்டேன், மீசையை விட்டேன். காதைப் பார்த்தேன். அட்டையில் இருந்தவரின் காது மடல் தொங்கியது. கடுக்கன் போட்ட பெரிய துளை. என் முன்னால் நின்றவரின் மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது, துளையே இல்லை. மொட்டை போட்டால் காது மாறுமா?

"இவரு யாருங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு முன்னால லைன்ல நின்னாரே, அவருங்க. பொதட்டூர்பேட்டைக்காரரு."

"தெரியுமா? ஏங்க சொல்லல?"

"சொல்ல வந்தேங்க. சாரு மொட்டைன்னு சொல்லிகினே இருந்தாரு. ஆபீஸ்ல சொன்னா சரியாத்தான இருக்கும். வூட்ல போயி கண்ணாடியில பாத்துகினேன். நாலு நாளு பாத்தா எனக்கே சந்தேகமாப் பூடுச்சுங்க."

'எனக்கு முன்னால நின்னாரே.' அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. தில்ஷாத்தைக் கூப்பிட்டு, அலுவலக லைனைப் பிடுங்கிவிட்டு, சிக்னல் சரியாக எடுக்காத என் போனிலிருந்து இணைத்தேன். முதலில் என் பெயர், என் போட்டோ, பச்சை டிக். உடனே அவள் பெயர். இரண்டு பேரும் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் தில்ஷாத் பெயருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட என் மூஞ்சி வந்து உட்கார்ந்தது.

"யக்கா" என்றாள்.

சபாபதி சாரிடம் போய்ச் சொன்னேன். மோதிர விரல் நின்றது. எழுந்து கதவைச் சாத்தினார்.

"எத்தினி பேரு?"

"முகாம்ல பதிஞ்ச எல்லா வரிசையும் சார். எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும்."

"கேட்டு வந்தவனுக்கு மட்டும் மாத்திக் குடுங்க. மத்தவங்க கம்முனுதான இருக்காங்க? நீங்க ரிடையர் ஆவ ஒன்ற வருஷம்தான் இருக்கு. எதுக்கு இந்த வேல? நீங்க பண்ணது வெளிய தெரிஞ்சா பென்ஷன நிறுத்தி வைப்பாங்க."

பார்த்தீர்களா, 'நீங்க' வந்துவிட்டது. பயமாகத்தான் இருந்தது, வீரம் பேசமாட்டேன். முனிரத்தினத்துக்கு அங்கேயே போட்டோ எடுத்து, படம் போய்ச் சேரும்வரை நகராமல் உட்கார்ந்து, அவர் முகத்தை அவருக்கு ஒட்டி, புது அட்டையைக் கையில் கொடுத்தேன். நாலு நிமிஷ வேலை. நாலு நிமிஷத்துக்காக இரண்டரை மாதம் மயிர் வளர்க்க விட்டிருக்கிறோம். வாசலில் கஸ்தூரியை அவர் எழுப்பி, இடுப்பில் கை கொடுத்து, ஆட்டோவுக்குக் கூட்டிப் போவதை ஜன்னலில் பார்த்தேன். பத்தடிக்கு ஒரு தடவை நின்று நின்று போனார்கள். அதன்பின் கம்மென்று இருக்க என்னால் முடியவில்லை.

அன்று சாயங்காலமே கோப்பில் குறிப்பு எழுதினேன்: தவறு என் புரோகிராமில், எல்லா அட்டைகளையும் திரும்பப் பெற வேண்டும். எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவேட்டில் எண் ஏற்றி, மேலே அனுப்பிவிட்டேன். எண் ஏறிய கோப்பை யாராலும் விழுங்க முடியாது. எங்கள் அலுவலகத்தில் நான் கற்ற பெரிய தொழில்நுட்பம் இதுதான். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. சபாபதி சாருக்குப் பதவி உயர்வு வந்தது. பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்த சிறப்பான நிர்வாகத்துக்காக.

பக்கத்தைத் திருத்தினேன். இப்போது ஒவ்வொரு படமும் கிளம்பும்போதே விண்ணப்ப எண்ணைச் சுமந்துகொண்டு போகும். எப்போது சேர்ந்தாலும், யார் வாசலில் நின்றாலும், தன் எண்ணுக்குத்தான் போகும். சேர்ந்தபின்தான் பச்சை டிக். சேர்ந்த படம் பெரிதாகத் திரும்பி வரும். ஆபரேட்டர் எதிரில் இருப்பவரின் காதைப் பார்த்துவிட்டுப் பெட்டியில் டிக் போட வேண்டும். முகம் என்று எழுதியிருந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள், நிவேதா. முகத்தைத்தான் நாங்கள் அத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கஸ்தூரிக்கு மார்கழியில் ஆபரேஷன் நடந்தது. முதலில் குறித்த தேதியிலேயே வந்திருந்தால் இவ்வளவு சிக்கல் ஆகியிருக்காது என்று டாக்டர் திட்டினாராம், முனிரத்தினத்தை. பத்து நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். அந்தப் பத்து நாளும் தில்ஷாத் தினமும் போன் போட்டு விசாரித்து எனக்குச் சொல்வாள். எனக்கு நேராகக் கேட்கத் தைரியமில்லை. அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இதையெல்லாம் நான் எழுதியிருக்கமாட்டேன். எழுத எனக்கு யோக்கியதை இருந்திருக்காது.

பிழைத்து வந்தார். தை பிறந்து சில நாட்கள் கழித்து முனிரத்தினம் மட்டும் அலுவலகத்துக்கு வந்தார். நேராக என் மேஜைக்கு வராமல், பழக்கதோஷத்தில் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நானே எழுந்து போனேன்.

"வூட்ல எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கறாங்க. தெரு முனவரிக்கும் நடக்கறாங்க." பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். "ஒண்ணு கேட்டுகினு போலாம்னு வந்தேன் மேடம். நல்லபடியா வூடு திரும்பினா மலையில முடி குடுக்கறதுன்னு வேண்டுதல். வர கிருத்திகைக்குப் போலாம்னு இருக்கோம். அதான்... முடி எடுத்துகலாங்களா? கார்டுக்கு ஒண்ணும் ஆவாதே?"

எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது என்றேன். நான் சொன்னது எனக்கே சரியாகக் காதில் விழவில்லை. ஒரு மனுஷன் சாமிக்கு முடி கொடுக்க என்னிடம் அனுமதி கேட்டு நிற்கிறார். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்படி இல்லீங்க. நீங்க சொல்றீங்க, நாளைக்கு கவுண்டர்ல வேற ஆளு இருப்பாங்க. ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா தேவலை. சீல் வச்சு."

அப்படி ஒரு கடிதம் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. யாருக்குமே கிடையாது. அலுவலகத் தாளை எடுத்தேன். 'மனுதாரர் தமது தலைமுடியைக் காணிக்கை செலுத்துவதில் இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை ஏதுமில்லை' என்று அடித்து, கையெழுத்துப் போட்டு, சபாபதி சார் மேஜையிலிருந்து சீலை எடுத்து அழுத்திக் குத்திக் கொடுத்தேன். அவர் வாங்கி ஒரு தடவை முழுக்கப் படித்தார். மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"இன்னாங்க, தப்பா எதுனா இருக்கா?"

"இல்லீங்க மேடம், சரியா இருக்குது. அவளும் முடி குடுக்கறா. அவ பேர்லயும் ஒண்ணு குடுத்துடுங்க."